திருத்த வேண்டிய இடம் சிமிழுக்குள்தான்

அணுக் காந்தமானி என்றதும் முதலில் வந்து விழும் எண் உணர்திறன்தான். 2003இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள், புறக் காந்தப்புலத்தைச் சுழிக்கு அருகே அடக்கிய கவசத்துக்குள் பொட்டாசிய ஆவியை வைத்து, ஒரு ஃபெம்டோடெஸ்லாவுக்கும் குறைவான இரைச்சலை எட்டிக் காட்டினார்கள். அந்தச் சாதனையின் ஒளியில் இத்துறையின் பந்தயம் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது: இன்னும் குறைந்த இரைச்சல், இன்னும் சிறிய எண். பூமியின் முழுக் காந்தப்புலத்தில், விமானத்திலும் ட்ரோனிலும் கட்டப்பட்டு அசைந்துகொண்டே அளக்கும் கருவிகளையும் அதே எண்ணால்தான் எடைபோடுகிறார்கள். இன்னொரு எண் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. புலம் துளியும் மாறாதபோது கருவியை மட்டும் திருப்பினால், அது காட்டும் அளவு எவ்வளவு மாறும் என்பதே அந்த எண். இதைத் திசைப்பிழை என்று அழைக்கலாம். இதைப் பற்றிக் கேட்டால் வழக்கமாக வரும் பதில் இது: அது மென்பொருளின் வேலை, ஒரு முறை பறந்து பார்த்து, கெழுக்களைப் பொருத்திக் கழித்துவிட்டால் போயிற்று, கருவி செய்பவர் உணர்திறனைப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில் தவறானது என்று வாதிடுகிறேன். திசைப்பிழை, கணக்கில் நேர்ந்த பிசகு அல்ல. கண்ணாடிச் சிமிழுக்குள் இருக்கும் அணுக்களின் நிலையிலிருந்தே அது பிறக்கிறது. பிறக்கும் இடத்தில் அதைத் தீர்க்காமல் வெளியே கழித்துக்கொள்வது, பிழையை நீக்குவதில்லை; கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறது.

முதலில் அந்தப் பிறப்பைப் பார்ப்போம். சிமிழுக்குள் ரூபிடியம் அல்லது சீசிய ஆவி இருக்கிறது. வட்ட முனைவாக்கம் பெற்ற லேசர் ஒளி அந்த அணுக்களின் தற்சுழற்சிகளை ஒரே பக்கம் திருப்பி நிறுத்துகிறது. அப்படி நிறுத்தப்பட்டவை, சாய்ந்த பம்பரம் செங்குத்துக்கோட்டைச் சுற்றி ஆடுவது போல, காந்தப்புலத்தைச் சுற்றி ஆடுகின்றன. ஆட்டத்தின் அதிர்வெண்ணை எண்ணினால் புலத்தின் வலிமை கிடைத்துவிடும். ரூபிடியம்-87இல் ஒவ்வொரு நானோடெஸ்லாவுக்கும் சுமார் 7 ஹெர்ட்ஸ்; 50,000 நானோடெஸ்லா புலத்தில் சுமார் 350 கிலோஹெர்ட்ஸ். இது அணுவின் இயற்கை எண் என்பதால், கருவியை எப்படிப் பிடித்தாலும் மாறாது என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அந்த இயற்கை ஒரே எண்ணைத் தருவதில்லை. ரூபிடியம்-87இன் மேல் அதிநுண் நிலை, ஐந்து படிகள் கொண்ட ஓர் ஏணி. ஐந்து படிகளுக்கு நடுவே நான்கு இடைவெளிகள். புலம் மிகச் சிறிதாக இருந்தால் நான்கும் சமம். புலம் கூடக்கூட அந்தச் சமம் குலைகிறது. கிரெகரி பிரைட்டும் இசிடோர் ராபியும் 1931இல் எழுதிய சமன்பாட்டிலேயே இந்தக் குலைவு அடங்கியிருக்கிறது. பூமியின் புலத்தில் அடுத்தடுத்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சுமார் 36 ஹெர்ட்ஸ் வேறுபடுகின்றன. முதல் இடைவெளிக்கும் கடைசி இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 107 ஹெர்ட்ஸ். அளவுக்கு மாற்றினால் ஏறத்தாழ 15 நானோடெஸ்லா.

இப்போது கருவியைத் திருப்புங்கள். லேசரின் திசை புலத்தோடு ஒத்துப்போனால் அணுக்கள் ஏணியின் மேற்படியில் குவிகின்றன. எதிராகப் போனால் கீழ்ப்படியில். செங்குத்தாக நின்றால் நடுவைச் சுற்றிச் சமச்சீராகப் பரவுகின்றன. நாம் எண்ணும் அதிர்வெண், எந்தப் படிகளில் எத்தனை அணுக்கள் நிற்கின்றன என்பதைப் பொறுத்த சராசரி. ஆகவே கருவியின் திசை மாறினால் கூட்டம் இடம் மாறுகிறது, சராசரியும் நகர்கிறது. அணுக்கள் முழுமையாக ஒருமுகப்பட்ட நிலையில் இந்த நகர்வு, லேசருக்கும் புலத்துக்கும் நடுவே உள்ள கோணத்தின் கோசைனுக்கு நேர்விகிதத்தில், இருபுறமும் சுமார் 7.7 நானோடெஸ்லா வரை போகும். கோணம் சுழியை நெருங்கும்போது சமிக்ஞையே மங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் கருவிகள் வழக்கமாக நிறுத்தப்படும் 45 பாகைக் கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கருவி ஒரே ஒரு பாகை ஆடினால் அளவு ஏறத்தாழ 95 பிகோடெஸ்லா நகர்கிறது. விமானத்தின் இறக்கை காற்றில் ஒரு பாகை சாய்வது ஒவ்வொரு விநாடியும் நடக்கிற காரியம். விவரக்குறிப்பில் 1 பிகோடெஸ்லா என்று பெருமையோடு அச்சிடப்பட்ட கருவி, அந்த ஒரு பாகைச் சாய்வில் தன் பெருமையைப் போல 95 மடங்கு பொய் சொல்லக்கூடும்.

இரைச்சலும் திசைப்பிழையும் ஒரே இனமல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரைச்சல் முன்னும் பின்னும் தடுமாறுவது. நூறு மடங்கு நேரம் அளந்து சராசரி எடுத்தால் அது பத்தில் ஒன்றாகக் குறையும். திசைப்பிழை தடுமாறுவதில்லை, ஒரே பக்கம் இழுக்கிறது. எவ்வளவு நேரம் அளந்தாலும் அது அப்படியே நிற்கும். நகைக்கடைத் தராசு மில்லிகிராமைக் காட்டலாம். அது நிற்கும் மேசை சாய்ந்திருந்தால், மில்லிகிராம் வரை துல்லியமாகத் தவறான எடையைத்தான் காட்டும். கனிமத் தேடலிலோ, தரைக்காந்த வரைபடத்தை வைத்து வழிகாணும் முறையிலோ தேடப்படும் வேறுபாடுகள் சில நானோடெஸ்லாவாக இருக்கும் இடங்கள் உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு நானோடெஸ்லாவுக்கு இரைச்சலை இறக்கிவிட்டு, முழு நானோடெஸ்லாக்களைத் திசைக்குத் தாரை வார்ப்பது எந்த முன்னுரிமை? உணர்திறனை மட்டும் துரத்தும் பந்தயத்தின் கோளாறு இதுதான். நமக்கு எது தடையோ அதை விட்டுவிட்டு, எளிதில் எண்ணிக் காட்டக்கூடியதை அது துரத்துகிறது.

ஏணிப் படிகளோடு கதை முடிவதில்லை. ரூபிடியம்-87இல் இந்த ஏணிக்குக் கீழே இன்னோர் அதிநுண் நிலையும் உண்டு. அங்கே மூன்று படிகள். அந்த நிலையிலுள்ள அணுக்கள் எதிர்த்திசையில் ஆடுகின்றன. அவற்றின் அதிர்வெண்ணும் மேல் நிலையின் அதிர்வெண்ணோடு சரியாக ஒத்துப்போவதில்லை. 50,000 நானோடெஸ்லாவில் இரண்டுக்கும் சுமார் 1.4 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். லேசர் அணுக்களை முழுமையாக மேலே ஏற்றாவிட்டால், கீழே தங்கிய கூட்டம் தன் குரலையும் கலந்து பாடும். சமிக்ஞையில் விம்மல்கள் எழும். எண்ணும் அதிர்வெண் புலத்துக்கு நேர்விகிதமாகக்கூட இருக்காது. எத்தனை அணுக்கள் கீழே தங்குகின்றன என்பது லேசரின் திறன், சிமிழின் வெப்பநிலை, ஒளி விழும் கோணம் என்று பலவற்றைப் பொறுத்தது. ஆகவே திசைப்பிழைக்கு ஒரு முறை அளந்து பூட்டி வைக்கக்கூடிய நிலையான மதிப்பு கிடையாது. அணுக்கள் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அதுவே அந்தக் கணத்தின் பிழை.

இனி மென்பொருள் தீர்வின் வாதத்துக்கு வருவோம். அதன் அடித்தளம் உறுதியானது என்பதை மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளை விமானத்திலிருந்து தேடியபோது, விமானத்தின் இரும்பே பெரிய தொல்லையாயிற்று. அதிலிருந்து உருவானதுதான் டோல்ஸ்–லாசன் முறை. விமானத்தின் நிலைக்காந்தம், பூமியின் புலம் விமானத்தில் தூண்டும் காந்தம், விமானம் சாய்ந்து எழும்போது உலோகத் தகடுகளில் ஓடும் சுழல்மின்னோட்டம் ஆகிய மூன்றையும் திசைக்கோசைன்களின் கோவையாக எழுதி, பறந்து அளந்த தரவிலிருந்து கெழுக்களைக் கண்டுபிடிப்பது அதன் வழி. இன்றும் அளவை விமானங்கள் உயரே ஏறி, நான்கு திசைகளிலும் பறந்து, ஒவ்வொரு திசையிலும் மூக்கையும் இறக்கையையும் வாலையும் சில பாகைகள் ஆட்டிக் காட்டுகின்றன. அப்படிக் கிடைக்கும் 12 ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் ஒரு தர எண் வரும். அது சிறியதாக இருந்தால் ஈடுசெய்தல் நன்றாக நடந்தது என்று கணக்கு. விமானத்தின் காந்தத்துக்கு இது மிகச் சிறந்த மருந்து. பல பத்தாண்டுகளாக அதை நிரூபித்திருக்கிறது. ஆனால் ஒரு நோய்க்கான மருந்தை, அறிகுறி ஒத்திருக்கிறது என்பதற்காக வேறு நோய்க்கும் கொடுக்கிறோம்.

அறிகுறி எப்படி ஒத்துப்போகிறது என்று பாருங்கள். விமானத்தில் ஒரு சிறு நிலைக்காந்தம் இருந்தால், அது முழுப்புல அளவில் சேர்க்கும் பங்கு, அந்தக் காந்தத்தின் திசைக்கும் பூமியின் புலத்துக்கும் உள்ள கோணத்தின் கோசைனைப் பொறுத்தது. அணுக்களின் திசைப்பிழையும், நாம் மேலே பார்த்தபடி, லேசரின் திசைக்கும் புலத்துக்கும் உள்ள கோணத்தின் கோசைனைப் பொறுத்தது. பொருத்தும் கணக்குக்கு இரண்டும் ஒன்றேதான். லேசரின் திசையில் ஒரு சிறு காந்தம் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு, அது அணுவின் பிழையை நிலைக்காந்தக் கெழுவுக்குள் விழுங்கிவிடுகிறது. தர எண் அழகாக வருகிறது, எல்லோரும் திருப்தி அடைகிறார்கள். ஆனால் இந்த இரண்டும் புலத்தோடு சேர்ந்து மாறும் விதம் வேறு. நிலைக்காந்தத்தின் பங்கு எங்கே போனாலும் அதே அளவுதான். அணுவின் பிழையோ புலத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, குறைகிறது. பூமியின் புலம் இடத்துக்கு இடம் 25,000இலிருந்து 65,000 நானோடெஸ்லாவுக்கும் மேல் வரை மாறும் என்பதால், இது ஏட்டளவிலான வேறுபாடு அல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முழுமையாக ஒருமுகப்பட்ட ரூபிடியக் கருவி ஒன்றை, லேசர் கிடைமட்டமாக இருக்கும்படி விமானத்தில் கட்டி, கனடாவின் ஒட்டாவா அருகே அளவுத்திருத்தம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புலம் சுமார் 54,000 நானோடெஸ்லா. தரையை நோக்கிச் சுமார் 70 பாகை சரிந்திருக்கிறது. அந்த வலிமையில் அணுவின் பிழை வீச்சு 9 நானோடெஸ்லா. ஆனால் புலம் செங்குத்துக்கு அருகே நிற்பதால், விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் லேசருக்கும் புலத்துக்கும் உள்ள கோணம் அதிகம் மாறாது. கண்ணில் படும் பிழை இருபுறமும் 3 நானோடெஸ்லாதான். பொருத்தும் கணக்கு, 9 நானோடெஸ்லா வலிமையுள்ள ஒரு காந்தம் இருப்பதாக எழுதிக்கொள்கிறது. இப்போது அதே கருவியும் அதே கெழுவும் காந்த நடுக்கோடு கடந்து செல்லும் நம் தென்முனைக்கு வருகின்றன. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டம். வலிமை சுமார் 40,000 நானோடெஸ்லா. விமானம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பினால் கோணம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கே போய்விடும். அங்கே உண்மையான பிழை இருபுறமும் சுமார் 5 நானோடெஸ்லா. மென்பொருள் கழிப்பதோ 9. கழித்த பிறகு மிஞ்சுவது எதிர்க்குறியோடு 4 நானோடெஸ்லா. திருத்தமே இங்கே பிழையாக மாறிவிட்டது. அந்த 4 நானோடெஸ்லா, வடக்குக் கோட்டுக்கும் தெற்குக் கோட்டுக்கும் நடுவே ஏறி இறங்கும் வரிகளாக வரைபடத்தில் விழும். பார்ப்பவருக்கு அது தரையடியில் ஏதோ இருப்பதாகத் தோன்றலாம்.

ஒவ்வோர் இடத்திலும் புதிதாக அளவுத்திருத்தம் செய்துகொள்வதே வழக்கம் என்பது அடுத்த மறுப்பு. சரிதான், பொறுப்பான அளவைக் குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன, செய்யவும் வேண்டும். ஆனால் அது ஒரு சிறு வட்டாரத்துக்குள் பறக்கும் அளவைக்கு மட்டும் பொருந்தும் பதில். காந்த வரைபடத்தைப் பார்த்து வழிகாணும் விமானம் ஒரே பயணத்தில் பல அட்சங்களைக் கடக்கிறது. நடுவானில் நின்று புதிய கெழு தேட அதற்கு வாய்ப்பில்லை. செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்தில் துருவத்தையும் நடுக்கோட்டையும் தாண்டிவிடுகிறது. அசையாத இடத்தில்கூட லேசர் மூப்படைகிறது. சிமிழின் வெப்பம் மாறுகிறது. அணுக்களின் ஒருமுகப்பாடு மாறுகிறது. நேற்றுப் பொருத்திய கெழு இன்று பழசாகிவிடுகிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. விமானத்தின் காந்தமும் கருவியின் பிழையும் ஒரே கெழுவுக்குள் கலந்துவிட்டால், எதில் எவ்வளவு என்று பிறகு பிரிக்க முடியாது. கெழு திடீரென்று மாறினால் விமானத்தில் ஏதோ காந்தமானதா, லேசர் தளர்ந்ததா என்று சொல்ல வழியில்லை. அளவியலில் ஒரு பிழையைத் தெரிந்துவைத்திருப்பது பாதி தீர்வு. தெரியாதபடி மூடி வைப்பது அந்தப் பாதியையும் பறித்துவிடுகிறது.

இரண்டு கருவிகளை அருகருகே வைத்து வித்தியாசம் எடுத்தால் பொதுப்பிழை போய்விடும் என்றும் சொல்வதுண்டு. புலத்தின் ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒன்றுபோல் விழுவதால் அது கழிந்துபோகும். திசைப்பிழை அப்படிக் கழியாது. அது வெளியிலிருந்து வருவதல்ல; ஒவ்வொரு சிமிழுக்கும் சொந்தமானது. ஒரு சிமிழின் வெப்பம் ஒரு பாகை கூடியிருக்கலாம். ஒரு லேசர் சற்று மங்கலாக இருக்கலாம். கட்டிய சட்டத்தில் இரண்டும் ஒரு பாகை கோணல் பட்டிருக்கலாம். வித்தியாச அளவில் தேடும் சமிக்ஞை இயல்பிலேயே மிகச் சிறியது என்பதால், கழியாமல் மிஞ்சும் சிறு பங்கே அதை மூழ்கடிக்கப் போதும்.

திசைப்பிழை உண்மையில் அடங்கிய இடங்களைப் பாருங்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 நவம்பர் 22 அன்று ஏவிய மூன்று ஸ்வார்ம் செயற்கைக்கோள்களிலும் ஹீலியம்-4 காந்தமானி இருக்கிறது. பிரான்சின் சிஇஏ-லெட்டி ஆய்வகம் உருவாக்கியது. ஹீலியம்-4க்கு அணுக்கருத் தற்சுழற்சியே இல்லை. அதனால் அதிநுண் பிளவும் இல்லை, ஏணியின் இடைவெளிகள் சமம் குலைவதும் இல்லை. அதோடு நிற்காமல், ஒளியின் முனைவாக்கத் திசையை ஒரு சிறு மோட்டாரால் திருப்பி, புலத்துக்கு எப்போதும் ஒரே கோணத்தில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். பூமியின் புலத்தை உலகுக்கே அளவுகோலாகத் தர வேண்டிய கருவியைச் செய்தவர்கள், திசைப்பிழையை மென்பொருளிடம் விட்டுவிடவில்லை. அணுவைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைத் தீர்த்தார்கள். பொட்டாசியக் கருவிகளின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. பொட்டாசியம்-39இன் அதிநுண் பிளவு மிகச் சிறியது என்பதால், பூமியின் புலத்தில் அதன் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 ஹெர்ட்ஸுக்கும் மேல் விலகி நிற்கின்றன. கோடுகள் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியே தெரிவதால், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அளக்கலாம். கூட்டம் எந்தப் படிக்கு நகர்ந்தாலும் அந்தக் கோடு நகர்வதில்லை. அப்படியானால் ஹீலியமும் பொட்டாசியமும் போதுமே என்று கேட்கலாம். அவற்றுக்குரிய விலை உண்டு: ஹீலியத்துக்கு மின்னிறக்கம் வேண்டும், பொட்டாசியக் கோட்டைப் பிடித்து வைக்கக் கவனமான மின்னணு வேலை வேண்டும். நகக்கண் அளவுக்குச் சிமிழைச் சுருக்கும் முயற்சிகள் பெரும்பாலும் ரூபிடியத்தையும் சீசியத்தையும் சுற்றியே நடக்கின்றன. ஆகவே கேள்வி அந்த அணுக்களிலேயே தீர்க்கப்பட வேண்டும்.

தீர்க்க வழிகள் இல்லாமல் இல்லை. மிக எளியது, ஒளியின் வட்ட முனைவாக்கத்தை இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சராசரி எடுப்பது. முனைவாக்கம் புரளும்போது கோசைன் பிழையின் குறியும் புரளும், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பழைய சீசியக் கருவிகள் ஒரே சிமிழில் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து இதைத்தான் செய்தன. இரு பாதிகளின் ஒளியும் துல்லியமாகச் சமமாக இல்லாவிட்டால் எச்சம் மிஞ்சும் என்பது அதன் வரம்பு. 2007இல் பிரின்ஸ்டனில், லேசரை ஆட்டத்தின் அதிர்வெண்ணோடு மட்டுமல்லாமல் இடைவெளி வேறுபாட்டின் அதிர்வெண்ணோடும் ஒத்திசைத்து, பிரிந்துபோகும் அணுக்களை மீண்டும் ஒன்றுகூட்டிக் காட்டினார்கள். 2009இல் ஒளியே உண்டாக்கும் ஆற்றல் நகர்வைக் கொண்டு, ஏணியின் சமமின்மையை நேர்எதிராக அழிக்கலாம் என்று காட்டப்பட்டது. 2018இல் மைன்ஸ் நகரின் டிமிட்ரி புட்கர் உள்ளிட்ட குழு, ரேடியோ அதிர்வெண் புலத்தால் தற்சுழற்சிகளைப் பூட்டிவைத்து அதே சமமின்மையை அடக்கியது. 2021இல் பிரின்ஸ்டனிலிருந்து வந்த ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது: அணுக்களை ஏறத்தாழ முழுவதுமாக மேல்நிலைக்கு ஏற்றிவிட்டால், திசைப்பிழையை ஒரு சமன்பாட்டால் எழுதிக் கழிக்கலாம், பூமியின் புலத்தில் அது நூறில் ஒரு பங்காகக் குறைந்தது.

இந்தக் கடைசி வழியைக் காட்டி, அதுவும் திருத்தம்தானே, மென்பொருள்தானே என்று எதிர்ப்பக்கம் கேட்கும். வடிவில் ஒத்திருந்தாலும் தன்மையில் வேறு. பறந்து பார்த்துப் பொருத்தும் கெழு எதையும் விளக்குவதில்லை. தரவில் எது கிடைத்ததோ அதை விழுங்குகிறது. பிரின்ஸ்டன் சமன்பாடு அணுவின் இயற்பியலிலிருந்து எழுதப்பட்டது. அதற்குள் புலத்தின் வர்க்கம் இருக்கிறது, கோணம் இருக்கிறது. ஆகவே ஒட்டாவாவிலும் கன்னியாகுமரியிலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். எல்லாவற்றையும்விட, அது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: அணுக்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். கீழ்நிலையில் அணுக்கள் தங்கியிருந்தால் சமன்பாடு பொய்க்கும். அந்த ஆய்வாளர்களே குறைந்த ஒருமுகப்பாட்டில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு ஒளிக்கற்றைகளால் அளந்து, இரு நிலைகளின் பங்கைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சிமிழுக்குள் ஒழுங்கைக் கொண்டுவந்த பிறகே வெளியே கணக்கு வேலை செய்தது. நான் சொல்லும் வரிசையும் அதுவேதான்.

கடைசியாக, செலவும் மின்சாரமும் பற்றிய வாதம் எஞ்சுகிறது. ட்ரோனில் ஏறும் சிறு கருவியில் கூடுதல் லேசருக்கும் ரேடியோ சுருளுக்கும் இடமேது என்கிறார்கள். கவலை உண்மையானது, மேலே சொன்ன வழிகளில் எதுவும் இலவசம் அல்ல. ஆனால் இதே சிறு கருவிகளின் இரைச்சலைக் குறைக்கப் பல ஆண்டு உழைப்பையும் பெரும் பணத்தையும் துறை தயங்காமல் கொட்டியிருக்கிறது. அந்த இரைச்சல் குறைப்பின் பலன் முழுவதும் திசைப்பிழையின் அடியில் புதைந்து கிடக்கிறது என்பதே என் வருத்தம். உணர்திறனில் இன்னொரு பத்து மடங்கு கிடைத்தாலும், அசையும் மேடையில் அதைப் பார்க்கவே முடியாது. திசைப்பிழையைப் பத்தில் ஒன்றாக்கினால், இப்போது கையில் இருக்கும் உணர்திறனே முதல்முறையாகப் பயனுக்கு வரும்.

மாற்றம் தொடங்க வேண்டிய இடம் விவரக்குறிப்புத் தாள். இன்று பல தாள்களில் உணர்திறன் பெரிய எழுத்தில் இருக்கிறது. திசைப்பிழை ஒன்றில் இருப்பதே இல்லை, இருந்தாலும் ஈடுசெய்த பிறகு கிடைத்த மதிப்பா முந்தைய மதிப்பா என்று தெரிவதில்லை. வாங்குபவர்கள், குறிப்பாக நம்மைப் போலக் காந்த நடுக்கோட்டை ஒட்டி வாழும் நாடுகளின் அளவை நிறுவனங்கள், மூன்று செய்திகளைக் கேட்டு வாங்க வேண்டும்: மென்பொருள் தொடுவதற்கு முன் கருவியின் திசைப்பிழை எவ்வளவு, அது எந்தப் புல வலிமையில் அளக்கப்பட்டது, எந்தக் கோண வீச்சில் அளக்கப்பட்டது. சோதனை ஒன்றும் கடினமல்ல. காந்தமற்ற ஒரு தாங்கியில், சீரான புலத்தில் கருவியை வைத்து மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு புலத்தை 40,000 ஆக்கி ஒருமுறை, 54,000 ஆக்கி ஒருமுறை அதையே செய்ய வேண்டும். இரண்டு வளைகோடுகளும் தட்டையாக இருந்தால் அந்தக் கருவியின் உணர்திறன் எண்ணை நம்பலாம். இல்லையென்றால், சிமிழுக்குள் இன்னும் வேலை பாக்கியிருக்கிறது.